அரிச்சந்திரன் கதையைக் கேட்ட பையன் கேட்ட கேள்வி

கேள்வி: நான் திருச்சியில் இருக்கிறேன். பத்து வயதில் மகள், ஏழு வயதில் மகன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், ராத்திரி கதை சொல்வது அவர் வேலை. போன மாதம் மகன் கணக்குப் பரீட்சைத் தாளைப் பைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, 'மிஸ் இன்னும் தரலை' என்றான். கண்டுபிடித்ததும் அடிக்காமல், உட்கார வைத்து அரிச்சந்திரன் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, 'உண்மை பேசினதாலதானே அவருக்கு நாடு போச்சு, பையனும் செத்துட்டான், அப்புறம் நான் ஏன் உண்மை சொல்லணும்?' என்றான். எனக்குப் பதில் வரவில்லை. மகள் அதற்கும் மேல். சீதை தீக்குளித்த கதையைக் கேட்டதும், 'ராமரும்தானே தனியா இருந்தார், அவர் ஏன் தீயில இறங்கலை?' என்றாள். ஏகலைவன் கட்டைவிரலுக்காக அழுதே விட்டாள். மாமியார், 'சாமியைப் பத்தி அப்படியெல்லாம் கேட்டா கண்ணைக் குத்திடும்' என்று சொல்லிவிட்டார். இப்போது பையன் ராத்திரியில் விளக்கை அணைக்க விடுவதில்லை. கணவர், 'இந்தக் கதையெல்லாம் வேண்டாம், பஞ்சதந்திரம் வாங்கிக் கொடு போதும்' என்கிறார். எனக்குப் பக்தி உண்டு, விட மனமில்லை. இதிகாச புராணங்களிலிருந்து பிள்ளைகளுக்கு நல்லதைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?
— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது ஒன்று, அவசரம் வேறொன்று. பையன் விளக்கை அணைக்க விடுவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். 'சாமி கண்ணைக் குத்தும்' என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான், சொல்கிறவர்களுக்கு அது வெறும் வாய்ப்பழக்கம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். அக்கா கேள்வி கேட்டாள், சாமி குத்தும் என்றார்கள், நானும்தானே அரிச்சந்திரனைப் பற்றிக் கேட்டேன், அப்படியானால் எனக்கும் உண்டு என்று அவன் பாட்டுக்குக் கணக்குப் போட்டிருப்பான். அதனால் விளக்கு எரியட்டும், சின்னதாக ஒரு நைட் லேம்ப் போதும். அப்புறம் ஒரு பகல் நேரத்தில், அவன் விளையாடிவிட்டு வந்து சந்தோஷமாக இருக்கும்போது, 'பாட்டி கோபத்துல சொன்னதுடா அது, சாமி யார் கண்ணையும் குத்தாது' என்று நீளமாக விளக்காமல் சொல்லிவிடுங்கள். பாட்டியே சொன்னால் இன்னும் நல்லது, பயத்தை வைத்தவரே எடுத்தால் சீக்கிரம் போகும். மூன்று நான்கு வாரம் கழித்தும் குறையாமல், தூக்கம் கெடுவது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பது, படுக்கையை நனைப்பது என்று வளர்ந்தால் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்வது சுலபம். 'கதையை நிறுத்தும்மா' என்று அவர் ஆரம்பித்தால் காரியம் கெட்டுப்போகும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் விடச் சொன்னால் போதும். நீங்களே சொல்வதாக இருந்தால், 'அத்தை, நம்ம சுந்தரர் சாமியைத் திட்டியே பாடியிருக்காரே' என்று பேச்சைத் தொடங்கிப் பாருங்கள். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதற்காகப் பார்வை போனது அவருக்கு. காஞ்சிபுரத்தில் ஒரு கண் திரும்பியது. இன்னொரு கண்ணுக்காகத் திருவாரூர் போய் நின்று, உங்கள் அடியார்கள் கஷ்டத்தைச் சொல்லி அழும்போது சும்மா இருப்பீர்களானால் நீங்களே நன்றாக வாழ்ந்து போங்கள் என்று, 'வாழ்ந்து போதீரே' என்று பாட்டுக்குப் பாட்டு முடித்தார். அதைக் கேட்டுத்தான் சிவபெருமான் அந்தக் கண்ணையும் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். கண்ணைப் பற்றியே பேசினால், சாமியை நேருக்கு நேர் கேட்டவருக்கு இந்த ஊரில் கண் வந்திருக்கிறது, போகவில்லை. பக்தியுள்ள பாட்டிக்கு இது நம்மைவிட நன்றாகப் புரியும்.

சரி, அரிச்சந்திரனுக்கு வருவோம்.

உங்கள் மகன் கேட்டது திமிர் இல்லை. கதையை ஒரு வரி விடாமல் கேட்ட பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி வரும். விசுவாமித்திரர் வந்தார், நாடு போனது, மனைவியை விற்றார், பையனைப் பாம்பு கடித்தது, பெற்ற பிள்ளையை எரிக்கவே சுடுகாட்டில் கூலி கேட்டார். கடைசியில் தெய்வங்கள் வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தது நமக்குப் பெரிய ஆறுதல், அவனுக்கு அப்படி இல்லை. நடுவில் லோகிதாசன் என்று ஒரு பையன் செத்துப்போனானே, தன்னைப் போல ஒரு பையன், அதிலேயே அவன் மனசு நின்றுவிட்டது. தவிர, அந்த வயதில் ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை அதனால் என்ன ஆனது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் 1932இல் வந்த தன் புத்தகத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு பையன் கதவைத் திறக்கும்போது, பின்னால் இருந்தது தெரியாமல், பதினைந்து கோப்பைகள் உடைந்துவிடுகின்றன. இன்னொருவன் ஜாம் திருட ஏறி ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் பதினைந்து உடைத்தவனைக் காட்டினார்கள், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள்தான் திருடப் போனவனைக் காட்டினார்கள். உங்கள் மகன் முதல் கூட்டத்தில் இருக்கிறான், மகள் இரண்டாவது கூட்டத்துக்குப் போய்விட்டாள். ஒரே கதையை இருவருக்கும் ஒரே மாதிரி சொல்லி ஒரே பாடத்தை எதிர்பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அவன் அப்போது கதை கேட்கவில்லை, விசாரணையில் இருந்தான். பரீட்சைத் தாள் மேஜைமேல் கிடக்கிறது, அம்மா முகம் மாறியிருக்கிறது, அடி விழவில்லை, பதிலாக ஒரு கதை வருகிறது. இந்தக் கதை எதற்காக வருகிறது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பிரம்புக்குப் பதில் அரிச்சந்திரன், அவ்வளவுதான் வித்தியாசம். மாட்டிக்கொண்டவன் தப்பிக்க வழி தேடுவான், அந்தக் கதையிலேயே அவனுக்கு ஒரு நல்ல வாதம் கிடைத்தது, எடுத்து வீசிவிட்டான். என்னிடம் வருகிற பெற்றோர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். பிள்ளை தப்புச் செய்த உடனே புராணத்தைத் திறக்கிறார்கள், கொஞ்ச நாளில் 'ஒரு ஊர்ல' என்று தொடங்கினாலே பிள்ளை ஓடிவிடுகிறது.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் அவர் கூட்டாளிகளும் 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள். ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித் தனியே விட்டார்கள், பெரும்பாலான பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்பது தெரிந்ததுதான். அப்புறம் ஒரு கதை படித்துக் காட்டி, 'திரும்பிப் பார்த்தாயா?' என்று கேட்டார்கள். சிலருக்குப் புலி வருது கதை போன்ற ஓநாய்க் கதை, சிலருக்குப் பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ, சிலருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் சின்ன வயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்ட கதை. பொய் சொன்னவனை ஓநாய் தின்ற கதையும் மூக்கு நீண்ட கதையும் எந்த மாற்றமும் தரவில்லை. வாஷிங்டன் கதை கேட்ட பிள்ளைகள் மட்டும் உண்மையைச் சொல்வது கூடியது, ஏனென்றால் அதில் உண்மை சொன்ன பையனை அப்பா பாராட்டுகிறார். அதே கதையின் முடிவை மாற்றி, பையன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதாகப் படித்துக் காட்டியபோது அந்தப் பலனும் போய்விட்டது. (அந்தச் செர்ரி மரக் கதையே பின்னாளில் ஒருவர் கட்டிவிட்டது என்பது வேடிக்கை. உண்மை பேசச் சொல்லிக்கொடுக்க ஒரு பொய்க்கதை.)

இப்போது அரிச்சந்திரனை இந்த ஆய்வுக்குள் வைத்துப் பாருங்கள். உண்மை சொன்னவன் படாத பாடு படுகிற கதை. தப்புச் செய்துவிட்டுப் பயந்து நிற்கிற ஏழு வயதுப் பையனுக்கு, அந்த நிமிஷத்தில், அதைவிடப் பொருந்தாத கதை கிடைக்காது. அதற்காகக் கதை மோசம் என்று நான் சொல்லவே இல்லை. ராஜ்கோட்டில் காந்தி சிறுவனாக இருந்தபோது ஒரு நாடகக் கம்பெனி வந்து அரிச்சந்திர நாடகம் போட்டது. அப்பாவிடம் அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்தார். அது அவரைப் பிடித்துக்கொண்டது, கணக்கில்லாத முறை தனக்குள்ளேயே அதை நடித்துப் பார்த்ததாகவும், எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக் கூடாது என்று இரவு பகலாக நினைத்ததாகவும் சுயசரிதையில் எழுதுகிறார். அதே கதைதான். ஆனால் அவர் குற்றவாளியாக உட்கார்ந்து அதைப் பார்க்கவில்லை, பக்கத்தில் யாரும் 'பார்த்தியா, நீயும் இருக்கியே' என்று இடிக்கவுமில்லை. பிடித்திருந்தது, அழுதார், வீட்டுக்கு வந்து தானே யோசித்தார்.

காந்தி கதையில் உங்கள் மகனுக்கு இன்னும் பொருத்தமான இடம் வேறு இருக்கிறது. பதினைந்து வயதில் அண்ணனின் கைக்காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்துவிடுகிறார், மனசு உறுத்துகிறது, வாயால் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு தாளில் எழுதி அப்பா கையில் கொடுக்கிறார். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து படிக்கிறார், கண்ணீர் வழிந்து தாள் நனைகிறது, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். அடிக்கவில்லை, திட்டவில்லை.

வேதத்திலிருந்தே வேண்டும் என்றால் சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் இருக்கிறான். படிக்க ஆசைப்பட்டு, அம்மா ஜபாலையிடம், 'என் கோத்திரம் என்ன, குரு கேட்பாரே' என்கிறான். அவள், 'எனக்குத் தெரியாதுப்பா, பல வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், என் பேர் ஜபாலை, உன் பேர் சத்தியகாமன், அதையே சொல்' என்கிறாள். பையன் கௌதமரிடம் போய் அம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல், வெட்கப்படாமல் சொல்கிறான். சொன்னால் துரத்திவிடுவார்கள் என்று பயப்பட எல்லாக் காரணமும் இருந்தது. குரு துரத்தவில்லை, நீ உண்மையிலிருந்து விலகவில்லை, போய்ச் சமித்து (வேள்விக்கான குச்சிகள்) கொண்டுவா என்று சேர்த்துக்கொண்டார். பிராமணன்தான் இப்படிப் பேசுவான் என்று அவர் சொல்கிற வரி ஒன்று அங்கே உண்டு, சின்னவனுக்குச் சொல்லும்போது நான் அதைத் தொடமாட்டேன், பெரியவளிடம் பேசலாம், அவளே கேள்வி கேட்பாள். அப்புறம் நானூறு மெலிந்த மாடுகளைக் கொடுத்து மேய்க்க அனுப்புகிறார் குரு, ஆயிரமாகப் பெருகும்வரை திரும்பமாட்டேன் என்று இவன் காட்டுக்குப் போகிறான், ஒரு காளையும் நெருப்பும் அன்னமும் ஒரு நீர்ப்பறவையும் அவனுக்குப் பாடம் சொல்கின்றன. ஏழு வயதுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதையும் பரீட்சைத் தாளோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். தாள் விஷயத்தைத் தாள் விஷயமாகவே பேசுங்கள். 'மார்க் குறைஞ்சிருச்சு, அம்மா கத்துவாள்னு பயமா இருந்ததா?' என்று கேளுங்கள், ஆமாம் என்பான், அடுத்த தடவை தாளைக் காட்டினால் கத்தமாட்டேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி கத்தாமலும் இருங்கள். கடினம்தான். கதையை வேறொரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு வருகிறேன். அவள் கேட்டதில் பாட்டிக்குப் பயம் வந்ததற்குக் காரணம், இந்தக் கேள்விகள் வெளியிலிருந்து வந்து கதையைத் தாக்குவதாக நாம் நினைப்பது. உண்மையில் கதைக்குள்ளேயே இவை இருக்கின்றன. ஊர்க்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே நிறுத்தி வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்பான், ஜனம் சிரிக்கும், யாரும் பாவம் என்று எழுந்து போவதில்லை. வான்மீகத்தில் ராமன் கடுமையாகப் பேசியதும் சீதை பேசாமல் தீயில் இறங்கவில்லை. சாதாரண ஆள் சாதாரணப் பெண்ணிடம் பேசுவதுபோல ஏன் என்னிடம் பேசுகிறீர்கள் என்று சபை நடுவில் கேட்கிறாள். உத்தரகாண்டத்தில் மறுபடி நிரூபிக்கச் சொன்னபோது பூமித்தாயிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறாள், திரும்பி வரவே இல்லை. கம்பர் பட்டாபிஷேகத்தோடு முடித்துக்கொண்டார், அதனால் அந்தப் பகுதி நம் வீடுகளில் அவ்வளவாகப் புழங்குவதில்லை.

வாலி விஷயமும் அப்படித்தான். கம்பர் வாலியை எவ்வளவு பேசவிட்டிருக்கிறார்! நெஞ்சில் அம்போடு விழுந்து கிடக்கிறவன், நீ வாலியை வீழ்த்தவில்லை, அரச தர்மத்தின் வேலியையே வீழ்த்திவிட்டாய் என்கிறான். மனைவியைப் பிரிந்த துக்கத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டாயோ என்றுகூடக் கேட்கிறான். ராமன் தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்தைச் சொல்லிப் பதில் கொடுத்த பிறகும், சரி, மறைந்து நின்று ஏன் எய்தாய் என்று விடாமல் கேட்கிறான், அதற்குப் பதில் சொல்வது லட்சுமணன். எதிரே வந்தால் நீயும் சரணம் என்று சொல்லிவிடுவாய், சுக்ரீவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்பது அவன் பதில். அந்தப் பதில் போதுமா போதாதா என்று பட்டிமன்ற மேடைகளில் இன்றைக்கும் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள், எல்லோரும் கம்பனைக் கும்பிடுகிறவர்கள்தான். பெரியவர்களுக்குப் பட்டிமன்றம், பத்து வயதுப் பெண் கேட்டால் பாவமா? கடோபநிடதம் தொடங்குவதே ஒரு பையன் அப்பாவிடம் சங்கடமான கேள்வி கேட்பதில். பால் வற்றிய கிழட்டு மாடுகளைத் தானம் கொடுக்கிறாரே என்று பார்த்துவிட்டு, 'அப்பா, என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?' என்று மூன்று தடவை கேட்கிறான் நசிகேதன். எமனுக்குக் கொடுத்தேன் போ என்று கத்துகிறார் அப்பா. வீட்டில் நாம் கத்துவது மாதிரியேதான். பையன் எமன் வீட்டுக்கே போய் அங்கேயும் கேள்விதான் கேட்டான்.

அதனால் மகளிடம், 'அவர் ஏன் இறங்கலைன்னு எனக்கும் தோணியிருக்கு' என்று சொல்வதில் உங்கள் பக்திக்கு ஒரு குறையும் வராது. பெரியவர்கள் சொன்ன சமாதானங்கள் உங்களுக்குத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், ஊர் வாய்க்குப் பயந்தார் என்பது, அக்னி மூலமாக உலகுக்குக் காட்டினார் என்பது. அவள் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், பதினாறு வயதில் மறுபடி அங்கே வருவாள்.

ஏகலைவனை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். இந்தக் கதையை நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்கிறோம். என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். ஒரு வாத்தியார் எதைக் கேட்டாலும், உடம்பில் வலிக்கிறதைக் கேட்டாலும், கேள்வி கேட்காமல் கொடுக்கிறவன்தான் நல்ல மாணவன் என்பதையா பிள்ளைகள் மனதில் ஏற்ற வேண்டும்? டியூஷனுக்கும் பாட்டு கிளாசுக்கும் ஸ்போர்ட்ஸ் கோச்சிங்குக்கும் தனியே அனுப்புகிறோம் அவர்களை. உங்கள் மகள் அழுதாளே, அந்த அழுகைதான் சரியான வாசிப்பு. பாரதம் ஒன்றையும் மறைக்கவில்லை. வேடர் தலைவனின் மகன் என்பதால் துரோணர் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை, உன்னைவிடச் சிறந்தவன் வரமாட்டான் என்று அர்ஜுனனுக்குச் சொன்ன வார்த்தைக்காகக் கட்டைவிரலைக் கேட்டார், விரல் போனபின் பழைய வேகம் அவனுக்கு இல்லை. இது அநியாயம் என்று பத்து வயதுப் பெண்ணிடம் நேராகவே சொல்லலாம். யாரோடு யார் உட்கார்ந்து படிக்கலாம் என்பது இன்றைக்கும் நம்மிடம் முடியாத கதை, அவள் வகுப்பிலேயே அதைப் பார்த்திருக்கக்கூடும். கூடவே, 'உன்னை எந்த சார், எந்த மிஸ் எதைக் கேட்டாலும், உனக்குப் பிடிக்காததா இருந்தா, முடியாதுன்னு சொல்லிட்டு அம்மாகிட்ட வா' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

பெரியவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டும் என்பதற்கும் இதிகாசத்தை எடுப்போம், அதிலும் ஜாக்கிரதை. ராமன் அப்பா வார்த்தைக்காகக் காட்டுக்குப் போனான், சரி. பிரகலாதன்? அப்பா சொன்னதைக் கடைசிவரை கேட்கவே இல்லை. பரதன் அம்மாவைத் திட்டிவிட்டு அவள் வாங்கிக் கொடுத்த ராஜ்ஜியத்தை வேண்டாம் என்றான். மூன்று பேரும் நல்ல பிள்ளைகள்தான். உங்கள் மகள் இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றால் சீக்கிரம் கண்டுபிடிப்பாள்.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். கதை முடிந்ததும் 'இதிலேருந்து என்ன தெரியுது?' என்று கேட்பதை நிறுத்துங்கள், அது பரீட்சைக் கேள்வி. நடுவில், முடிவு தெரிவதற்கு முன்னால் நிறுத்திக் கேளுங்கள். யட்சன் குளத்துக் கதை இதற்கு மிக நன்றாக வரும். வனவாசத்தின் கடைசிக் காலம், தாகம், தண்ணீருக்குப் போன தம்பிகள் நால்வரும் குளக்கரையில் விழுந்து கிடக்கிறார்கள், யட்சன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தர்மன் பதில் சொல்லிவிட்டான், ஒருவனை மட்டும் எழுப்பித் தருகிறேன், யார் வேண்டும் என்கிறான் யட்சன். இங்கே நிறுத்திவிட்டு, 'நீங்களா இருந்தா யாரைக் கேப்பீங்க?' என்று கேளுங்கள். சின்னவன் அநேகமாக பீமன் என்பான், பெரியவள் அர்ஜுனன் இல்லாமல் சண்டையில் ஜெயிக்க முடியாது என்பாள், இருவரும் கட்டிப்புரளட்டும், பாட்டியையும் ஓட்டுப் போடச் சொல்லுங்கள். அப்புறம் தர்மன் கேட்டது நகுலனை என்று சொல்லுங்கள். ஏன் நகுலன் என்று அவர்களே குழம்பட்டும், நீங்கள் அவசரப்பட வேண்டாம். குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை இருக்கட்டும் என்றான் தர்மன். அதோடு விளக்கை அணைத்துவிடலாம், சின்னவன் பக்கத்து லேம்ப்பைத் தவிர. தங்களுக்குள் எதற்கெடுத்தாலும் 'அவளுக்கு மட்டும் ரெண்டு, எனக்கு ஒண்ணா' என்று சண்டை போடுகிற வயதில் இந்தக் கதை எங்கே போய் உட்காரும் என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அடுத்த நாள் பர்ஃபி பங்கு போடும்போது, 'தர்மன் என்ன பண்ணினார்?' என்று கேட்டு அதைக் கெடுத்துவிடாதீர்கள், ஆசையாகத்தான் இருக்கும்.

சின்னவனுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷத்துக்கு அபிமன்யு வதம், துச்சாதனன் ரத்தம், நரசிம்மர் குடலைக் கிழிப்பது எல்லாம் வேண்டாம், மொபைலில் வருகிற அனிமேஷன் வீடியோக்களில் இந்த இடங்களைத்தான் நீட்டி முழக்குகிறார்கள், ஒரு தடவை நீங்கள் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வெண்ணெய் திருடுகிற கண்ணன் போதும், அதில் நீதி எதுவும் கிடையாது, அதனாலேயே நல்லது. சேதுவுக்கு மணல் கொண்டுவந்த அணில் இருக்கிறது. வான்மீகத்தில் இல்லாத இந்த அணிலைத் திருமாலையில் பாடியவர் தொண்டரடிப்பொடியாழ்வார், உங்களுக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர், பாட்டிக்குப் பாசுரமே தெரிந்திருக்கலாம். மலைக்கோட்டைக்கு ஏறிப்போனால் தாயுமானவர். பிரசவத்துக்குத் துணைக்கு வரவேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொள்ள, சிவனே அம்மா உருவத்தில் வந்து பார்த்துக்கொண்ட கதை. கண்ணைக் குத்துகிற சாமியிடமிருந்து அவனை வெளியே கொண்டுவர நான் முதலில் எடுப்பது இதைத்தான், அதுவும் படியேறி இளைத்துப்போய் உட்காரும் இடத்திலேயே சொல்ல வேண்டும்.

கடைசியாக உங்கள் கணவர். பஞ்சதந்திரம் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், நல்ல கதைகள். ஆனால் அது ஒழுக்கப் புத்தகம் என்று அவர் நினைத்திருந்தால், மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். முயல் சிங்கத்தை ஏமாற்றிக் கிணற்றில் தள்ளும், குரங்கு முதலையிடம் பொய் சொல்லித் தப்பிக்கும், நரி கோள்மூட்டி நண்பர்களைப் பிரித்துவிட்டு நிம்மதியாக மந்திரியாக இருக்கும். விஷ்ணுசர்மா மூன்று மக்கு ராஜகுமாரர்களுக்கு அரசியல் சாமர்த்தியம் கற்றுக்கொடுக்கச் சொன்ன கதைகள் அவை, பிள்ளை பொய் சொல்லக்கூடாது என்பதற்காக அதை வாங்கினால் சிக்கல்தான். அவரும் வாரத்தில் ஒரு ராத்திரி கதை சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் தெரியாதே என்பார். யட்சன் கதையை நீங்கள் அவருக்கு முந்தின நாளே சொல்லிவைத்துவிடுங்கள், முடிவை மட்டும் சொல்லாமல், அவர் யாரைக் கேட்கிறார் என்று பாருங்கள்.